இடது கல், வலது கல்

லிபெரெட்ஸ் நகரத்து ட்ராம்களுக்கு
பிரேக் பார்க்கிறவர் பொஹுமில்.
எந்தச் சக்கரம் எந்த வளைவில் முனகும் என்று
அவர் உள்ளங்காலுக்குத் தெரியும்.
வீட்டுக்கு வந்தால் தரைதான் பகை.

நூறு வயது மரத்தளம்.
செல்லோவின் தாழ்ந்த தந்தியை யாராவது இழுத்தால்
பலகைகள் தாங்களும் வித்வான்கள் என்று நினைத்துக்கொள்ளும்.
ஜன்னல் ஒத்து ஊதும்.
கீழ்வீட்டு ஹெட்விகாவின் அலமாரியில்
ஆறு கண்ணாடிக் கிண்ணங்கள் பல்லைக் கடிக்கும்.
பிறகு துடைப்பக் கட்டை, மூன்று முறை.

கல் வை என்றார்கள்.
சமையல் மேடைக்காரன் சொன்ன விலைக்கு
இன்னொரு ஸ்பீக்கரே வாங்கலாம்.
கல்லறைக்கல் செதுக்கும் பட்டறையின் பின்புறம்
ஒன்று மழையில் கிடந்தது, கால் விலைக்கு.

என்ன குறை?
"எழுத்துப் பிழை" என்றான் பட்டறைக்காரன்,
சிகரெட்டை அதன் மேலேயே அணைத்து.
சிம்கோவா என்று இருக்கவேண்டியது.
வேலைக்கு வந்த பையன்
முதலெழுத்தின் தலையில் ஒரு கொக்கி போட்டுவிட்டான்,
ஷிம்கோவா.
விட்டுப்போன கொக்கி என்றால் வெட்டிச் சேர்க்கலாம்.
வெட்டிய பள்ளத்தை எதை வைத்து அழிப்பது?

இரண்டாக அறுத்துக் கொடுத்தான்.
பெயர் ஒரு துண்டில், குடும்பப் பெயர் இன்னொன்றில்.
துண்டுக்குப் பதினாறு கிலோ, மூன்றாம் மாடி.
படிக்கட்டில் ஹெட்விகா வழிவிட்டு,
"யார் போனது?" என்று கேட்டாள்.
"யாருமில்லை."
மூச்சு வாங்கியது அவருக்கு.

எழுத்து தரையைப் பார்க்கக் கவிழ்த்துவைத்தார்.
முதல் இரவு கல் மட்டும்.
கல் அசையவில்லை.
ஆனால் மேலிருந்து வாங்கியதை
நேர்மையான கணக்குப்பிள்ளைபோல
ஒரு காசு குறையாமல் தரைக்குக் கொடுத்துவிட்டது.
துடைப்பக் கட்டை, மூன்று முறை.

அப்புறம்தான் தபாலில் வந்தன பாதங்கள்.
எட்டு. அரை எலுமிச்சை அளவு, ஊதா நிற ரப்பர்.
அழுத்தினால் அமுங்கும்,
விட்டால் யோசித்துத்தான் எழும்.

இதைத் தமிழில் சொல்வது எனக்கு எளிது.
க என்று எழுதித்
தலையில் ஒரு புள்ளி வைத்தால்
ஒட்டிக்கொண்டிருந்த அகரம் போய்விடும்.
பொஹுமில் புள்ளியை அடியில் வைத்தார், அவ்வளவுதான்.
தரை தன் ஓயாத அகரத்தை விழுங்கியது.

செல்லோ இளைத்துவிட்டது.
இத்தனை வருடம் கேட்ட செழிப்பில்
பாதி வீட்டினுடையதாம்.
காசு கொடுத்துக் கொழுப்பைக் கரைத்தோமா என்று
டிராஹொமீராவிடம் புலம்பினார்.
குறுக்கெழுத்திலிருந்து அவள் நிமிரவில்லை.

பிறகு, வில் திசை மாறும் இடம் கேட்டது.
மாறுவதற்குமுன் வாசிக்கிறவர் மூக்கால் இழுத்த மூச்சு.
எங்கோ ஒரு நாற்காலிக் கால்.

துடைப்பக் கட்டைக்குக் காத்திருந்தார்.
வரவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இசைத்தட்டை மாற்றினார்.
இடது பெட்டியிலும் இல்லாமல், வலதிலும் இல்லாமல்
பாடுகிறவள் எப்போதும் நடுவில்தான் நிற்பாள்,
ஒன்றுமே வைக்காத இடத்தில்.
இரண்டு காதும் பேசிவைத்துச் சொல்லும் பொய் அது,
அவருக்குத் தெரியும்.
இன்று அந்தப் பொய்க்கு உயரம் இருந்தது,
தோள் இருந்தது.

இடப்பக்கம் அடியில் லிபுஷெ.
வலப்பக்கம் அடியில் ஷிம்கோவா.
சரியான எழுத்தோடு மற்றவள்
மேட்டுக் கல்லறையில் படுத்திருக்கிறாள்.
இவள், பட்டறைக்குத் தெரிந்தவரை,
பிறக்கவும் இல்லை சாகவும் இல்லை.
கருங்கல்லில் பெயர் மட்டும் உண்டு.

டிராஹொமீரா பேனாவை மூடி
வெற்றிடத்தைக் காட்டினாள்:
"அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்,
கடிகாரம் மறைக்கிறது."

அவர் முழந்தாளிட்டு
வலது கல்லை அரை அங்குலம் நகர்த்தினார்.

நகர்ந்தாள்.