பதினொன்றே கால் வெயில்

எங்கள் பால்கனிக்கு வெயில்
பதினொன்றே காலுக்கு வரும்.
பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி
அதை வாங்கிக்கொள்ளும்.
நடுவில் நாற்பது நிமிடம்.
ஷார்ஜாவில் எனக்கென்று இருக்கும்
ஒரே சொந்த மனை அது.

பெயின்ட் கம்பெனி லேபில்
நிறம் பிசகாமல் பார்ப்பது என் வேலை.
சாம்பிளும் டின்னும் மயிரிழை வேறுபட்டாலும்
மொத்த பேட்ச்சும் திரும்பிப் போகும்.
அதனாலோ என்னவோ,
ஒன்றைப்போல் ஒன்று வராத இந்தக் காரியம்
பிடித்துப்போயிற்று.

இரண்டு உப்பு. ஒன்று பச்சை, ஒன்று செம்மஞ்சள்.
கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து,
மேலே ஓர் இலை வைத்து வெயிலில் நீட்டி
அலசி எடுத்தால்
வெயில் தொட்ட இடம் நீலம்.
இலை இருந்த இடம் வெள்ளை.

டப்பாவில் 'ஃபெர்ரிசயனைடு' என்று வாசித்த அன்று
காதர் ஒலி தன் அரிசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க்
கட்டிலடியில் வைத்தார்.
"இரும்போட கட்டிப்போட்ட சயனைடு பாய், கடிக்காது."
"நாயைப் பத்தியும் இப்படித்தான் சொல்லுவாங்க."

ஆறு பேருக்கு ஒரு குளியலறை.
இரவு ஒரு மணிக்குமேல் அது என் இருட்டறை.
ஆகஸ்டில் குழாய்த் தண்ணீர் கை சுடும்;
அணைத்துப்போட்ட ஹீட்டருக்குள் தேங்கியதுதான்
இந்த ஊரில் பச்சைத் தண்ணீர்.
அதில் நான் தாள் அலசிய நாட்களில்
பிச்சைமுத்து வெந்து குளித்தான்.
படத்துக்கு ஒரு டீ என்று பேசி முடித்தோம்.
நோட்டில் முதல் செலவு அதுதான்:
டீ, ஒன்றரை திர்ஹம்.

அஜ்மான் கழிமுகத்து அலையாத்தி இலை,
ஹமூர் மீனின் முள்,
யாரோ விட்டுப்போன சாவி.
பிரஷ் தடம் தெரியும். ஓரம் கோணும்.
சில நேரம் என் கட்டைவிரலும் வெள்ளையாக விழும்.
இருந்தும் ஒரு பள்ளிக்கூடச் சந்தையில்
அரை மேசைக்கு நாற்பது திர்ஹம் கட்டி
இருபது தாள் பரப்பி உட்கார்ந்தேன்.
நல்லவை மேலே, கெட்டுப்போனது ஒன்று அடியில்.

அந்தக் கெட்டுப்போனது:
மேல்மாடிக் கொடியிலிருந்து ஒரு துண்டு
அவிழ்ந்து கண்ணாடிமேல் விழுந்து
அதன் நூல் நுனிகள் இலையின்மேல்
சாய்வாகக் கோடு கிழித்த தாள்.

சலூனில் வேலை செய்யும் மரிவிக்
அடியிலிருந்து அதை உருவினாள்.
"மழையா?"
ஆமென்று சொல்ல வாய் வந்தது.
துண்டு என்றேன்.
சிரித்தாள். இருபது சொன்னதைக்
கறையைக் காட்டிப் பதினைந்தாக்கினாள்.
மழையென்று பார்த்துவிட்டுக்
கறையென்று விலை பேசுகிறாள்!
கொடுத்தேன்.

பிறகு துணிப்பை பத்து செய்தேன்.
வாங்கியவர்கள் சோப்புத்தூளில் துவைத்தார்கள்.
நீலம் துருவாகி மஞ்சளாகி
ஆறு பை திரும்பி வந்தது.
நான்கு பேர் வரவில்லை.
கோபத்தாலா, துவைக்காததாலா, தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மரிவிக் அழைத்தாள்.
சலூன் ஜன்னலில் மாட்டிய மழை
வெளிறிவிட்டதாம்.
பணம் கேட்பாள் என்று எண்ணிப் பர்ஸைத் தடவியபடி
எனக்குத் தெரிந்த ரசாயனத்தைச் சொன்னேன்:
எடுத்து இழுப்பறையில் வை,
வெளிச்சம் படாமல், சில நாள்.

ஐந்தாம் நாள் குரல் வந்தது.
"வந்துட்டுது. முழுசா இல்லை. ஆனா வந்துட்டுது."
லேபில் பிப்பெட்டும் கையுமாக
அதை மூன்று முறை கேட்டேன்.

இப்போது ஒவ்வொரு படத்தின் பின்னும்
ஒரு சீட்டு ஒட்டுகிறேன்:
'சோப்பு ஆகாது. வெளிறினால் திட்ட வேண்டாம்.
இருட்டில் கொஞ்சம் படுக்க விடவும்.'
வாசித்த காதர் ஒலி,
"நைட் ஷிப்ட்காரனுக்கு எழுதினாப்ல இருக்கு" என்றார்.

மரிவிக்கின் தோழிகளுக்கு
அந்த மழை இன்னும் ஐந்து வேண்டுமாம்,
ஆளுக்கு முப்பது திர்ஹம், அச்சு அசலாக அதே.
என் துண்டை விதவிதமாகப் போட்டுப் பார்த்தேன்.
துண்டுதான் விழுந்தது.
மூன்று வெள்ளிக்கிழமை, பதினேழு தாள்.

மேல்மாடிக்காரர் என்றைக்குத் துணி துவைப்பார் என்று
கேட்டுவரப் பிச்சைமுத்துவை அனுப்பியிருக்கிறேன்.
இன்னொரு டீ, ஒன்றரை திர்ஹம்.
மணி பதினொன்று பத்து.