ழ வந்தால் அழுத்து

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, இரண்டாம் மாடி.
கவினேசன் தலையில் பசை தடவி
ஒட்டுகிறேன் இருபத்தோரு கம்பிகளை.
"எறும்பு ஊருது" என்கிறான்.
ஆடாதே என்கிறேன்.
ஆடுகிறான்.

திரையில் எழுத்துகள் வரும்.
ழ வந்தால் மட்டும் அழுத்து.
பதினான்கு நிமிடம்.

அவன் அம்மா கையில் ஒரு தாள்.
சொன்னதை மறக்கிறானா,
பென்சில், ரப்பர் தொலைக்கிறானா:
ஒருபோதுமில்லை, சிலநேரம், அடிக்கடி, எப்போதும்.
யோகமலர் பேனாவை மூடிவிடுகிறாள்.
"இலை ஃபேக்டரில நைட் ஷிஃப்ட்டுங்க.
நான் வர்றப்ப அவன் ஸ்கூலுக்குப் போய்டறான்,
அவன் வர்றப்ப நான் கிளம்பிடறேன்.
அடிக்கடின்னா எத்தன தடவ?"

ஆறாவது நிமிடம்.
எல்லாக் கோடுகளும் ஒரே தாவாகத் தாவுகின்றன.
அவன் திரும்பிவிட்டான் ஜன்னல் பக்கம்.
ழ வந்தது, போனது,
இன்னொரு ழ.
"வெள்ளை சாக்ஸ் போட்ருக்கு!"

நான் எட்டிப் பார்ப்பதற்குள்
தகரக் கூரைகளுக்கு நடுவே மஞ்சுதான் இருந்தது.
காட்டெருமையாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே
அதற்கு வெள்ளைதான்.
நான் அப்போது கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
துளியும் கவனம் சிதறாமல்.

விதிப்படி அந்த நான்கு நொடியைப்
பழுது என்று குறித்து வெட்டினேன்.
தவறவிட்டவை பதினேழு.
அந்த எண்ணில் நான் கைவைக்கவில்லை.
எழுதுகிறபோது வரி தாவாமலிருக்க
மாத்திரை அவனுக்கு உதவக்கூடும். நிஜமாகவே.
அறிக்கையின் ஓரத்தில் மட்டும்
பென்சிலால்: வெள்ளை சாக்ஸ்.
டாக்டர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஹீட்டர் இன்னும் சூடாகவில்லை.
பச்சைத் தண்ணீரில் துணி நனைத்து
அவன் முடியிலிருந்து பசையைத் துடைக்கிறேன்.
"அக்கா, அது திரும்பி வருமா?"
ஆடாதே.