ஈரம் கழித்து

நாற்பத்தோரு வருடம் புதுவயல் ரைஸ் மில்லில்
மூட்டைக்கு இவ்வளவு ஈரம் என்று கழித்து
எடை எழுதியவன் நான்.
நெல்லோடு வந்தவர்கள் கையைப் பிசைவார்கள்,
ஒரு கிலோ சேத்துப் போடுங்களேன் என்பார்கள்.
கருவி காட்டுவதுதான் கணக்கு என்பேன்.

இப்போது என்னைத் தராசில் ஏற்றுகிறார்
ரோஸ்லின் சிஸ்டர்.
காரைக்குடி, நூறடி ரோடு, இரண்டாம் மாடி,
வாரம் மூன்று நாள், காலை ஷிப்ட்.
"அறுபதரை. மூணு கிலோ தண்ணி ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க."
ஐம்பத்தேழரைதான் நான்.
மீதி ஈரம்.
நாலு மணி நேரத்தில் கழித்துவிடுவார்கள்.
நானும் கையைப் பிசைந்து பார்த்தேன்.

பக்கத்து மிஷினில் பெத்தபெருமாள்,
மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர்.
கரண்ட் போய் எல்லா மிஷினும் கத்தும்போது
கண்ணைத் திறக்காமலே சொல்வார்:
"செக்காலை பீடர். ரெண்டு நிமிஷம்."
இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அவரிடம் மட்டும் ஒருமுறை கேட்டேன்,
வீட்டில் கேட்க முடியாததை:
ஒருநாள் வராமலே இருந்துவிட்டால் என்ன?
ஐஸ் துண்டை இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.
"எனக்கும் வரும். திங்கக்கிழமை ராத்திரி வரும்.
செவ்வாக்கிழமை ஊசி குத்துற வலியில மறந்துபோகும்."
அதற்குமேல் இருவரும் இளநீர் பற்றிப் பேசினோம்.
சீவுவதிலிருந்து வழுக்கை சுரண்டுவது வரை
அரை மணி நேரம்.

ஒரு வியாழன் அவர் படுக்கையில் வேறொருவர்.
"ஷிப்ட் மாத்திக்கிட்டாரு" என்றார் சிஸ்டர்,
குழாயைச் சுண்டிக்கொண்டே.
அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும்.
தையல்காரர் காதர் மைதீன் ஷிப்ட் மாறினார்.
பள்ளத்தூர் மெய்யம்மை ஷிப்ட் மாறினார்.
போர்வையை எப்போதும் பிறருக்குத் தரும்
சூசைமாணிக்கமும்.
எந்த ஷிப்ட் என்று யாரும் கேட்பதில்லை.

அன்றிரவு என் பங்கு அரை டம்ளர் தண்ணீரைச்
செம்பருத்தி வேரில் ஊற்றினேன்,
அவர் பெயர் சொல்லி.
எள் இல்லை.
மாத்திரையை எச்சிலில் விழுங்கினேன்.

நவம்பர் வந்தது.
பேங்கில் உயிர்வாழ் சான்றிதழ் வரிசை.
உயிரோடுதான் இருக்கிறோம் என்று
கட்டைவிரல் வைத்துச் சொல்லும் நாள்.
எனக்கு முன்னால் ஒரு முழுக்கைச் சட்டை.
ஊசி ஏறிப் புடைத்த நரம்பை மறைக்க
நாங்கள் போடுவதுபோலவே.
திரும்பியது.

"நீங்க..." என்றேன்.
"நீங்க..." என்றார் பெத்தபெருமாள்.

உண்மையாகவே ஷிப்ட் மாறியிருந்தார்.
கூட்டிவரும் மருமகனுக்குப் பகலில் வேலை;
அதனால் ராத்திரி.
அங்கே என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்.
"காலை ஷிப்ட்ல இருக்காருன்னாங்க.
சரி, முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

செக்யூரிட்டி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.
அரை டம்ளர் தண்ணீரைச் சொன்னேன்.
"அடப்பாவி, குடிச்சிருக்கலாமேய்யா."

பிறகு சரிபார்த்தோம்,
இரண்டு பேரேட்டை ஒத்துப் பார்ப்பதுபோல.
காதர் மைதீன்?
"எங்க பக்கம்தான். வாய் ஓயல."
மெய்யம்மை?
"மக வீட்டோட கோயமுத்தூர் போயிட்டாங்க. அங்க பண்ணிக்கிறாங்க."
எனக்கு மூச்சு லேசானது.
சூசைமாணிக்கம்?

அவர் கையிலிருந்த டோக்கனைத் திருப்பிப் பார்த்தார்.
"உங்க பக்கம் இல்லையா?"

அந்த மாடியில்
மூன்றாவது ஷிப்ட் கிடையாது.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள்.
விரலை வைத்தேன். சிவப்பு.
மறுபடி வைத்தேன். சிவப்பு.
"ஈரமா இருக்கு சார்," என்றான் கவுண்டர் பையன்,
"தொடச்சிட்டு வைங்க."
வேட்டியில் நன்றாகத் துடைத்தேன்.
பச்சை.
அடுத்த நவம்பர் வரை.

வெளியே ஒரு டீ வாங்கி
இரண்டு கிளாஸில் ஊற்றச் சொன்னோம்.
எனக்குக் கொஞ்சம் கூட விழுந்துவிட்டது.
கிளாஸைத் தூக்கிப் பார்த்து
அந்த ஒரு மடக்கைக் கேட்டார்.
தரவில்லை.