கூரையில் நிற்கும் கள்ளன்

கிண்ணியாவில் ஆறு பத்துக்கு எடுக்கும் பஸ்.
சாரதிக்குப் பின்னால் இரண்டாம் சீற், யன்னல் பக்கம்.
பாலம் ஏறுமுன் போனைத் திறந்துவிடுவேன்.

முதல்நாள் புத்தகம் அசையவே இல்லை.
பழக்கத்தில் விரல் இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.
பழுதென்று நினைத்துச் செயலியை அழித்தேன்,
மறுபடி இறக்கினேன்,
டேட்டா தீர்ந்தபிறகுதான் உறைத்தது:
இந்தப் புத்தகத்துக்கு
வாசல் மற்றப் பக்கம்.

ஏழு வயதில் எனக்கு எழுத்துகளைத் தந்தார்கள்.
மேலே கோடு, கீழே கோடு, மடக்கு, நீட்டு.
அர்த்தம் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.
முப்பது வயதில் தம்மாமில் ஒரு குசினி
அர்த்தங்களைத் தந்தது.
கொண்டு வா. கழுவு. கெதியாய்.
எழுத்தே இல்லாமல்,
அதட்டலாகக் காதில் விழுந்த பாஷை.
இரண்டும் பன்னிரண்டு வருஷம் எனக்குள்
ஒரே வளவின் இரண்டு வாடகைக்காரராய் இருந்தன,
முகம் பார்த்துக்கொள்ளாமல்.

பிறகு ஒருநாள் வெள்ளைமணல் தாண்டும்போது
மீம், லாம், ஹா என்று கூட்டிக்கொண்டு போகிறேன்,
சொல்லைத் தொட்டால் அகராதி திறக்கும்,
தொடுமுன்னே
நாக்கில் கரித்தது.
மில்ஹ்.
உப்பு!
எத்தனை தரம் அந்த மேசைக்கு எடுத்துப்போயிருப்பேன்,
அது இப்படித்தான் இருக்குமென்று தெரியாமல்.
யன்னலுக்கு வெளியே கடல்
ஒன்றும் தெரியாத மாதிரிக் கிடந்தது.

போன் கட்டிலிலிருந்து விழுந்ததில்
திரையில் ஒரு கறுப்புப் புள்ளி நின்றுவிட்டது.
தமிழில் என்றால் துடைத்துவிட்டு வாசிக்கலாம்.
அரபியில் புள்ளி லேசுப்பட்டதில்லை.
மை என்ற சொல்லின் தலையில் ஏறினால்
அது செய்தி.
செய்தியின் வாலிலும் இன்னொன்று விழுந்தால்
ரொட்டி.
கதையில் ஒரு கணக்கப்பிள்ளை
பேனாவைச் செய்தியில் தோய்த்தான்.
என்ன அழகு என்று ஒரு கிழமை வியந்தேன்,
பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை.

இதில் மறைத்த ஒன்றும் உண்டு.
அந்த எழுத்துகளைக் கண்டதும்
பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவார்.
கொண்டக்டர் தம்பி, கஜரூபன்,
பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுவான்.
மிச்சக்காசைக்கூட மெதுவாகத்தான் வைப்பான்.
எல்லாரும் நினைத்துக்கொண்டது வேறு.
என் திரையிலோ
பஸ்ராவின் பேரீச்சை வியாபாரி வீட்டுக் கூரையில்
ஒரு கள்ளன்
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான்,
கீழே நாய்.
வியாபாரியின் மனைவி விழித்துவிட்டாள்.

மூன்று கிழமை அந்த மரியாதையைத்
திருடித் தின்றேன்.
பாவமா என்று யாரிடம் கேட்பது?
மச்சானிடம் கேட்டால் போனையே வாங்கிவிடுவார்.

நேற்று சீனக்குடாவில் ஆட்கள் இறங்கிய பிறகு
அவனே வந்தான்.
'அக்கா, இது எந்தப் பாடம்?'
பொய் தொண்டை வரைக்கும் வந்தது.
'பாடமில்லை தம்பி. களவுக் கதை'
என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்,
கூரை, நாய், அந்த மனிசி
விளக்கை ஏற்றாமல் இருட்டில் சிரித்தது வரைக்கும்.
பாட்டு இனிக் கத்தும் என்று காத்திருந்தேன்.
அவன் ரிக்கற் புத்தகத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
'ஏன் சிரிச்சவ?' என்றான்.
'தெரியாது. பற்றரி முடிஞ்சு போச்சு.'

இன்று காலை பஸ்ஸில் பாட்டே இல்லை.
மூன்றாம் சீற்றில் மீன்பெட்டிக்காரர்,
அவருக்குப் பின்னால் வங்கிக்குப் போகும் பிள்ளை,
ஒருவரும் யன்னலைப் பார்க்கவில்லை.
பாலத்தில் சில்லு ஏறியதும்
காசை வாங்காமலே கேட்கிறான்:

'அக்கா,
கள்ளன் இறங்கிட்டானா?'