உதைக்கும் கணக்கு

நான் மனாமாவில் இறங்கியது முத்து செத்த வருஷம்.
ஜப்பான்காரன் முத்தை நாற்றுப்போல் நடக் கற்றுக்கொண்டான்.
கடலோரம் படகுகள் குப்புறக் கிடந்தன.
"முத்துக்கு எடை போடத் தெரியுமா, கொரேரா?"
தூத்துக்குடிக்காரனுக்குத் தெரியாமலா, கவாஜா?
"மறந்துவிடு. துணிக்கு முழம் தெரிந்தால் போதும்."

பதினேழு வயதில் பஸ்ராவிலிருந்து வந்தவராம்
மெனாஷி கூர்ஜி.
தகரப் பெட்டியில் ஊசி, நூல், பொத்தான்.
படகுக்காரனுக்குப் பாக்கி இரண்டு ரூபாய்.
இது அவர் சொன்னதில்லை, மருமகன் ராஹமிம்
முதல் சிட்டையிலிருந்து வாசித்தது.
நான் போகும்போது சந்தையில் மூன்று கதவுக் கடை,
பம்பாய்க் கப்பல் வந்தால் கிட்டங்கி கொள்ளாது.

வெள்ளி ஊருக்கு விடுமுறை, சனி அவருக்கு.
ஞாயிறு எனக்கென்று கேட்டேன்.
சிரித்தார். கடை திறந்திருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் ஏடு வலமிருந்து ஓடும்,
இந்தப் பக்கம் என்னுடையது இடமிருந்து.
மாதக் கடைசியில் இரண்டும் சந்திக்க வேண்டும்.
மூன்றாம் மாதம் உதைத்தது.
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஆறு அணா
வரவில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

கடற்காற்றில் காகிதம் அப்பளமாய் நமத்துப்போக
இரவெல்லாம் கூட்டினேன்.
ராஹமிம் கொட்டாவியோடு பெயர்களைப் படித்தான்.
ஜும்ஆ பின் ஃபரஜ், முத்துக் குளிப்பவன்: அரிசி, துணி.
கயிறு இழுக்கும் பிலால்.
மூச்சடைத்து மேலே வராமலே போன ஒருவனின் மகன்,
தகப்பன் கடன் தலைமேல் இருக்கும் பன்னிரண்டு வயசு.
எல்லார் எதிரிலும் கவாஜா கையால் ஒரே சொல்: வந்தது.
எங்கே வந்தது?
கதவோரம் உட்கார்ந்திருப்பவன் நான்தானே.

"வராக்கடன் என்று எழுதலாமே, அதற்குத் தனி ஏடு உண்டு."
தேநீரில் மிதந்த காய்ந்த எலுமிச்சையைக்
கரண்டியால் அமுக்கிக்கொண்டே சொன்னார்:
"அப்படி எழுதினால் அவன் தரவில்லை என்று ஆகும்.
நாளைக்கு என் பிள்ளைகள் படிப்பார்கள்."

தர்மவான் என்று சொல்லுங்கள். இதையும் சொல்லுங்கள்:
முழத்துக்குக் காலணா குறைக்கமாட்டார்.
ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு கட்டில் கொடுத்தவர்
பெயர்ப் பலகையில் எழுத்து சின்னதென்று
இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

ஜும்ஆ ஒருநாள் வந்து
பதினோரு ரூபாயை மேசையில் எறிந்தான்.
"நான் தராததை வந்ததாக எழுத நீ யார்?"
கவாஜா எண்ணி வாங்கி ரசீது கொடுத்தார்.
அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

பிறகு அந்த டிசம்பர்.
மூன்று கதவும் பிளந்து கிடந்தன.
தெரு முழுக்க மல்லும் பட்டும் மிதிபட்டன.
ராஹமிம் பம்பாய்க்குக் கப்பலேறினான்.
"நீங்களும் வாருங்கள்" என்றான்.
"எனக்குப் பாக்கி இருக்கிறது" என்றார்,
யாரிடம் என்று சொல்லவில்லை.
நான்காம் நாள் விடியலில் வாசலில்
ஓலைப்பாயில் சுருட்டிய ஒரு துணிக்கட்டு,
நனைந்திருந்தது, பெயரில்லை.
எழுதினார்: வந்தது.
நிஜமாகவே வந்தது அது ஒன்றுதான்.

அவர் அடக்கத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம்,
அவர்கள் ஜெபத்துக்கு.
ஏழு பேர்தான் ஊரில் மிச்சம்.
என்னைச் சேர்த்து எண்ண முடியாதென்றார்கள், மரியாதையாக.
மதிலுக்கு வெளியே நின்றேன்.
அங்கே நின்றவர்களை எண்ணினேன், தொழில் பழக்கம்:
முப்பத்தொன்பது. ஜும்ஆவையும் சேர்த்து.
ஓரமாய், யாரோடும் பேசாமல் நின்றான்.

கடையை ஒப்படைக்குமுன் அவர் கடைசி ஏட்டைப் புரட்டினேன்.
அந்த எழுத்தில் எனக்கு இரண்டே சொல் தெரியும்.
வந்தது என்பது ஒன்று.
மற்றது என் பெயர், ஒரு மத்தியானம்
விளையாட்டாய் எழுதிக் காட்டியது.

தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய எழுபத்தைந்து ரூபாய்.
இரண்டு சொல்லும் ஒரே வரியில்.

கோபம்தான் வந்தது.
தருவதாகத்தான் இருந்தேன்.