சென்டிமீட்டர்

பரேலில் ஓர் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஃபார்மலின் நெடியில் பதினோரு வருஷம்.
அறுத்தெடுத்ததை அளப்பது என் வேலை.

பவாயிலிருந்து வருவது எள்ளளவு.
பேச்சுக்குச் சொல்லவில்லை, எள்தான்.
குழாய் இறக்கிக் கிள்ளிய நான்கு துணுக்கு,
வடிதாளில் வைத்தபின் தும்மவும் பயப்படுவேன்.
விண்ணப்பத்தின் மூலையில் டைப் அடித்திருக்கும்:
ஊசி மருந்து தொடர்கிறது, பத்தொன்பதாம் தவணை.
நிஷித் காபடியா, வயது முப்பத்தொன்று.
மூன்று வருஷமாக அவரை எனக்கு
எள்ளாகவே பழக்கம்.

நந்துர்பாரிலிருந்து வருவது
ஊறுகாய் பாட்டிலில் வரும்.
சுரண்டியும் போகாத பாதி மாங்காய்
லேபிளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
இரவெல்லாம் அரசு பஸ்ஸில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குலுங்கி வந்தது.
தட்டில் நீட்டி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து
உரக்கச் சொல்வேன். டாக்டர் அனகா எழுதிக்கொள்வார்.
நாற்பத்திரண்டு.
மூன்று இடத்தில் சுருக்கம்.
கொழுப்பு வெளியே ஏறிப் படர்ந்திருக்கிறது.
கீறித் திறந்தால் உள்ளே
கூழாங்கல் பாவிய சந்து.

சுமிபாய் பாவரா, வயது இருபத்துநான்கு,
கரும்பு வெட்டு.
முன்வரலாறு பேனாவில், சாய்ந்த எழுத்தில்:
காசநோய் மருந்து ஒன்பது மாதம்.
குணமில்லை.
மறுபடி ஒன்பது மாதம்.
காசநோய் இல்லாமலே
சிவந்த சிறுநீர் கழித்துக்கொண்டு
இரண்டு பருவக் கரும்பை வெட்டியிருக்கிறாள்.
அவளுக்கு எட்டும் தூரத்தில்
கத்தி இருந்தது. குழாய் இல்லை.
குழாய் இருந்தாலும் ஊசி இல்லை.
ஊசி இருந்தாலும்,
அதன் விலையை எருமைக் கணக்கில்தான் சொல்லவேண்டும்.

போன மாதம் ஓர் ஆய்வாளர் வந்தார்.
மடிக்கணினியில் ஒரு வரைபடம்:
அறுவை அதிகமான இடங்கள் கருநீலம்,
குறைந்தவை வெளிர்.
வட்டார வேறுபாடு என்றார்.
சாப்பாடாக இருக்கலாம், மரபணுவாக இருக்கலாம்,
அந்தப் பக்கத்தில் நோயே முரடாக இருக்கலாம்.
இருக்கலாம். நான் டெக்னீஷியன்.
கையுறையைக் கழற்றி என் நோட்டை நீட்டினேன்.
புரட்டினார்.
ஊர்வாரியாக இல்லையே, நாள்வாரியாக அல்லவா இருக்கிறது?
ஆமாம் சார்.
வயிறு வலிக்கத் தொடங்கிய நாள் முதல்
என் மேசைக்கு வந்த நாள் வரை.
பவாய், ஏழு வாரம்.
சுமிபாய், நான்கு வருஷம், இரண்டு மாதம்.
ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டார்.
மழை வலுக்குமுன் கிளம்பிவிட்டார்.

இந்த வியாழன் இன்னொரு பாட்டில்.
எலுமிச்சை.
பெயரைப் படிக்காமல் முதலில் அளந்தேன்,
அது என் வழக்கம்.
பதினெட்டு.
பிறகு படித்தேன்.

ரிப்போர்ட்டில் கூட்டல் போட இடம் கிடையாது.
ஒவ்வொரு துண்டும் தனித் துண்டு, தனி எண்.
ஆனாலும் கூட்டினேன்.
குர்லாவில் வண்டி மாறும்போதும்
அறுபது, அறுபது என்று ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு பெண்ணிலிருந்து யாரோ
வீதி போட நிலம் எடுத்ததுபோல.

மறுநாள் உறையை ஒட்டுமுன்
பின்பக்கத்தில் எழுதினேன், என் தப்பான மராத்தியில்:
செவ்வாய் காலை எட்டு மணி, பத்தாம் அறை.
மருந்துக்கு வழி பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.
அவளைக் கூட்டி வாருங்கள்.
அதுவரை வெட்டவேண்டாம்.
டெக்னீஷியன் எழுதக்கூடாத நான்கு வரி.
டாக்டர் அனகா பார்த்தார்.
ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு
ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

உறையை வாங்கிய டிரைவர்
காலி பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.
கழுவிக் கொடுத்தால்
அடுத்ததற்கு ஆகும் என்று
அங்கே சொல்லி அனுப்பினார்களாம்.

மேசைக்கடியில் இரண்டும் இருந்தன,
மாங்காயும் எலுமிச்சையும்,
கழுவித் துடைத்து.

உடைந்துவிட்டது என்றேன்.