ஒன்று முதல் பத்து வரை

விலங்கியல் ஆய்வகத்தில்தான் நடக்கிறது.
கவுன்சலிங்குக்கென்று தனி அறை
அடுத்த வருஷம் கட்டுவார்களாம்.
தகரக் கூரை. பதினொரு நாற்காலி.
வட்டமாகப் போடச் சொன்னார்கள், வந்ததென்னவோ
பாதி கடித்த முறுக்கு.

மார்த்தாண்டத்தில் புதன்கிழமை, மணி மூன்று.
மேம்பாலத்தடியில் பஸ்கள்
ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் நேரம்.
பெட்லின் மிஸ் கேட்பார்:
இந்த வாரத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க,
ஒன்றிலிருந்து பத்துக்குள்?

ஏழு என்பான் ஆன்றோ ரெக்ஸின்.
போன வாரமும் ஏழு, அதற்கு முந்தியும்.
ஷமீலா எட்டு. விபின்தாஸ் ஆறரை.
நான் "பரவாயில்லை" என்பேன்.
அது எண் இல்லை என்று மிஸ் சொல்ல மாட்டார்,
நோட்டில் ஒரு கோடு மட்டும் இழுப்பார்.

வருகைப்பதிவு குறைந்து அனுப்பப்பட்டவர்கள் நாங்கள்.
ஆறு புதன் உட்கார்ந்தால் கையெழுத்து.
ஹால்டிக்கெட்டுக்கு அது போதும்.

பேச்சில்லாத நேரத்தில் பார்க்கக் குப்பிகள் உண்டு.
ஃபார்மலினில் வெளுத்த குட்டிச் சுறா,
சுருண்ட பாம்பு,
நெத்திலி என்று சீட்டு ஒட்டிய ஒரு மீன்.
"அது நெத்திலி இல்ல, சாளை" என்றான் ஆன்றோ முதல் வாரம்.
முட்டத்துக்காரனுக்குத் தெரியாதா.
மூன்று வாரத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்
என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

நாலாவது புதன் மழை.
எங்கள் ஊர் மழை, ஆனியிலும் வரும்
ஐப்பசியிலும் வரும், யாரையும் கேட்காது.
தகரத்தில் விழுந்த சத்தத்தில்
மிஸ்ஸின் வாய் மட்டும் அசைந்தது.
கரண்டும் போனது.
அப்போதுதான் எல்லோரும் பேசத் தொடங்கினோம்,
எவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்.
ஷமீலா தன் மடியிடம் பேசினாள்.
விபின்தாஸ் சுறாவிடம்.
ஆன்றோவுக்கு மெல்லப் பேச வராது,
அலைக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

மழை சட்டென்று நின்றது,
யாரோ மோட்டாரை அணைத்ததுபோல.
அவன் வாக்கியம் நிற்கவில்லை:

"மூணாம் செமஸ்டருக்குப் பொறவு ஒரு பரிச்சையும் எழுதல்ல.
வீட்டுல அம்மா பட்டமளிப்பு போட்டோவுக்கு
ஆணி அடிச்சு வச்சிருக்காவ."

கூரையிலிருந்து சொட்டு மட்டும்.
மிஸ் ஒன்றும் சொல்லவில்லை,
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.
"எனக்கு ஒம்பது அரியர்" என்றாள் ஷமீலா,
மீன் விலை சொல்வதுபோல.
"பன்னெண்டு" என்றான் விபின்தாஸ்.
முதலில் சிரித்தது யாரென்று தெரியாது.
ஆன்றோவும் சிரித்தான், சிரித்தபடியே
ரெக்கார்டு நோட்டால் முகத்தை மூடினான்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

ஐந்தாவது புதன் அவன் வரவில்லை.
அந்த நாற்காலியில் யாரும் பை வைக்கவில்லை.
ஷமீலா இரண்டு தடவை கூப்பிட்டாள்.
இரண்டாவது தடவை எடுத்து
"சொல்லிற்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தானாம்.
பின்னால் கடல் கேட்டதாம்.

ஆறாவது புதன் பத்து நிமிஷம் பிந்தி வந்தான்.
எத்தனை என்றார் மிஸ்.
"மூணு."
கைதட்டிவிட்டோம்.
மூணுக்கு யாராவது கைதட்டுவார்களா.
"அந்த ஆணி?" என்றான் விபின்தாஸ்.
"அதுல இப்போ கலண்டர் கெடக்கு."

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
கையெழுத்துப் போட்ட தாள் ஏற்கெனவே என் பையில்.
நாலரைக்குப் பேச்சிப்பாறை பஸ்.
மலைப்பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.
அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு.
மழை பெய்தால் வெட்டு கிடையாது.
மழை பெய்தால்
அப்பா நாள் முழுக்க வீட்டில் இருப்பார்.

ஜன்னலைப் பார்த்தேன்.
எண்ணைச் சொன்னேன்.